எல்லாருக்குமான திரை – 9: உப்புக் கை

கைபேசியின் தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை, மின்சாரத்தை உணர்கிறது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இண்டியம்-வெள்ளீய ஆக்சைடு வலை ஒன்றில் சிறு மின்புலம் எப்போதும் நிற்கிறது. விரல் நெருங்கும் இடத்தில் அது சற்றுக் குலைகிறது. குலைந்த இடமே தொட்ட இடம். இந்தத் தொடரில் நிறமும் எழுத்தளவும் சென்ற வாரத்தோடு முடிந்தன. இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது குரல்வழிச் செயலிகள். அதற்கு முன் விரலை முடித்தாக வேண்டும்.

தொடுதிரையின் கணக்கு மெல்லிய, லேசான ஈரமுள்ள தோலுக்குப் போட்டது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளங்களில் அந்தத் தோலுக்கு இடமில்லை. உப்பு வாரி வாரிக் காய்த்த விரலில் மேல்தோல் தடித்து உலர்ந்திருக்கும். மின்புலம் குலையாது, திரையும் அசையாது. அதே விரல் பாத்தி நீரில் நனைந்திருந்தால் எல்லாம் தலைகீழ். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு, பாத்தியில் உப்பு விளையும் நேரத்தில் அது 25 விழுக்காட்டை எட்டும். மின்கடத்தும் திறனும் அதற்கேற்பப் பல மடங்கு ஏறும். அந்த நீர் திரையில் படர்ந்தால் கருவிக்கு அதுவும் ஒரு விரல்தான். தொடாத பொத்தான் திறக்கும், தொட்டது திறக்காது.

உலர்ந்த விரலுக்கான மருந்து குளிர்நாட்டுக்காகச் செய்யப்பட்டது. 2012இல் வந்த நோக்கியா லூமியா 920, கையுறையோடு தொட்டாலும் உணரும் திரையைக் கொண்டிருந்தது. உணர்திறனைக் கூட்டுவதே அதன் உத்தி. காய்த்த விரலுக்கும் அது பொருந்தும். ஆனால் உணர்திறன் கூடினால் உப்புநீரின் குழப்பமும் கூடும். ஒரே ஆளுக்கே வேலைக்கு நடுவில் ஓர் அமைப்பு, வேலை முடிந்தபின் வேறு அமைப்பு வேண்டியிருக்கிறது. அதை எளிதில் மாற்றிக்கொள்ள வழி செய்வதுதான் நல்ல வடிவமைப்பு.

கைரேகையிலும் இதே கதை. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு 2020 அக்டோபரில் விரல்ரேகைப் பதிவு வந்தது. உழைப்பில் தேய்ந்த ரேகை அதில் எளிதில் பதியாது. தேய்மானம் எல்லா விரலிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், பத்தில் எது நன்றாகப் பதிகிறது என்று கண்டறியும் 'சிறந்த விரல்' சோதனை ஆதாரில் உண்டு. கருவிழி, முகம், ஓடிபி ஆகியவை மாற்று வழிகள். ஓடிபி வந்தாலும் அதைத் தட்ட வேண்டியது அதே விரல்தான்.

வலைத்தளங்களுக்கான உலக அளவுகோலான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, 2023 அக்டோபரில் வெளியானது. தொடும் இடம் பொதுவாக 24 × 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது. இழுத்து நகர்த்தும் வேலைக்குத் தட்டி முடிக்கும் மாற்று வழி வேண்டும் என்கிறது அது.

விரலே வேண்டாத முன்னோடி மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரிக் கடற்கரையில் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில், வீராம்பட்டினம் மையத்தினர் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். இணையத்தைப் படித்தவர் ஒருவர்; பயன்பெற்றது ஊர். 2004 டிசம்பர் 26 அன்று, அதே கடற்கரையில் உள்ள நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த சுனாமி பற்றிய தொலைபேசி எச்சரிக்கையை அங்கிருந்த ஒலிபெருக்கிதான் ஊருக்குச் சொல்லி, மக்களைக் கரையிலிருந்து நகர்த்தியது.

ஒலிபெருக்கி பேசும், கேட்காது. ஊர்ப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள முயலும் குரல்வழிச் செயலிகள் அடுத்த வாரம்.