காக்கைக் கூடு என்னும் கச்சேரி

பழைய காரியாலயக் கட்டிடங்களைப் புதுப்பித்து வாடகைக்கு விடும் முதலாளிகள் இக்காலத்தில் முதற்கண் செய்யும் காரியம் யாதெனில், அவற்றுக்குப் புதுப் பெயரும் புது முத்திரையும் சூட்டுவதே. இதற்கென்றே நிபுணர்கள் உளர். அவர்கள் பெறும் கூலியும் அற்பமன்று. இவர்கள் ஒருமுறை அமெரிக்காவிலுள்ள சிக்காகோ சென்று, லாஸால் வீதியில் 'ரூக்கெரி' கட்டிடத்தின் வாயிலை உற்று நோக்குதல் நலமென்போம்.

1871-ஆம் வருஷத்துப் பெருந்தீயில் அந்நகரின் நடுப்பகுதி சாம்பலானபின், நகரசபையார் அவ்விடத்தில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தற்காலிகக் கட்டிடம் எழுப்பிக் குடியேறினர். அதில் பறவைகளும் வந்து அடைந்தன. 'ரூக்' என்பது காக்கை இனத்துப் பறவை; ஆங்கிலத்தில் ஏமாற்றிப் பறித்தலுக்கும் அதுவே சொல். உள்ளே வீற்றிருந்த அதிகாரிகளின் யோக்கியதையை அறிந்த ஜனங்கள் அவ்விடத்தை 'ரூக்கெரி', அதாவது காக்கைக் கூடு, என்று பரிகசித்தனர்.

1888-இல் பர்ன்ஹாம், ரூட் என்னும் சிற்ப நிபுணர் இருவர் அங்கே 11 மாடிக் கச்சேரியை எழுப்பி முடித்தனர். பணம் போட்டவர்கள் கௌரவமான நாமம் ஒன்றைத் தேடியிருக்கலாம். ஆனால் ஜனங்கள் இட்ட பெயரே நிலைத்தது. ரூட் அதற்கிசைய வாயிற்கல்லில் காக்கைகளையே செதுக்கி வைத்தார். வசைச் சொல்லை வாயிலில் பொறிக்க நெஞ்சுரம் வேண்டும். (வசை நகரசபையாரைச் சார்ந்ததேயன்றி முதலாளிகளைச் சார்ந்ததன்று என்பதும் மெய்யே!)

சிக்காகோ என்றவுடன் நம்மவர்க்கு 1893-ஆம் வருஷமும் விவேகானந்த சுவாமிகளுமே நினைவுக்கு வருவர். சர்வமத மகாசபையும் சேர்ந்து நடந்த அவ்வருஷத்து உலகப் பொருட்காட்சியின் நிர்மாண அதிபதி இதே பர்ன்ஹாம்தான். அவருடைய காரியாலயம் ரூக்கெரியின் மேல்மாடியில் இருந்தது.

அதே நகரில் ஸியர்ஸ் கோபுரத்தின் கதை வேறு. ஸியர்ஸ் கம்பெனி வெளியேறிப் பல வருஷங்கள் கழித்து, 2009-இல், வில்லிஸ் என்னும் இன்ஷூரன்ஸ் தரகுக் கம்பெனி அதில் இடம் வாடகைக்கு எடுத்தபோது பெயர் சூட்டும் உரிமையையும் அடைந்தது. பலகை மாறிற்று, நகரத்தாரில் பலர் நாவோ மாறவில்லை. பத்திரம் எழுதிக் கட்டிடத்தை வாங்கலாம். அதன் பெயரோ அதை வழங்கும் ஜனங்களின் பொதுச் சொத்து என்பதே நம் அபிப்பிராயம்.

ரூக்கெரிக்கும் க்ஷீண தசை வராமலில்லை. 1905-இல் பிராங்க் லாயிட் ரைட் அதன் நடு முற்றத்து இரும்புத் தூண்களை வெண்சலவைக் கல்லால் போர்த்திப் பொன்பூச்சு இழைத்தார். பிற்காலத்தில் முற்றத்தின் மேலிருந்த கண்ணாடிக் கூரையை மூடிவிட, அங்கு இருள் சூழ்ந்தது. 1988 முதல் 1992 வரை நடந்த ஜீரணோத்தாரணத்தில் அக்கூரையை மறுபடி திறந்தனர். ரைட் செய்த அலங்காரத்தையும் சீராக்கினர். பெயரில் மட்டும் கை வைக்கவில்லை. ஒரு தூணில் சலவைக் கல்லைச் சிறிது விலக்கி, உள்ளே ரூட் அமைத்த பழைய இரும்பு வேலைப்பாடு தெரியும்படி விட்டிருக்கின்றனர்.