காலில் ஓடும் குருதியைக் கேட்டறியும் டாப்ளர் பரிசோதனை

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பகுதிகளில் தோட்ட வேலைக்குச் செல்வோர் இதனை அலுப்பு என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் எண்ணித் தைலம் தேய்த்துக் காலம் கடத்திவிடுதல் கூடாது. காலுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி சுருங்கியிருப்பதன் அடையாளமாகவும் இவ்வலி இருக்கலாம். புகைபிடிப்போரும் நீரிழிவு உடையோரும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

இதனைக் கண்டறிய உதவுவது டாப்ளர் ஸ்கேன். ஒலி எழுப்பும் பொருள் நெருங்கும்போது சுருதி ஏறும்; விலகும்போது இறங்கும். ஆரன் அடித்தபடி நம்மைக் கடக்கும் பேருந்தில் இதைக் கேட்டிருப்பீர்கள். இவ்விதியை 1842இல் கூறியவர் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர். 1845இல் நெதர்லாந்தில் ஓடும் இரயிலில் கொம்பு வாசிப்போரை அமர்த்தி இது சோதிக்கப்பட்டது. இளையராஜா பிறந்த ஊரினருக்குச் சுருதியைப் பற்றி நாங்கள் விளக்க வேண்டியதில்லை!

கருவிமுனை அனுப்பும் மீயொலி நம் செவிக்கு எட்டாது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டு அது திரும்பும்போது சுருதி மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு கருவி குருதியின் வேகத்தைக் கணக்கிடுகிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறிப் பாய்வதுபோல், தமனி குறுகிய இடத்தில் குருதியின் வேகம் கூடும். சற்று மேலே உள்ள வேகத்தைப்போல் இருமடங்காயின், அங்கே பாதியளவோ அதற்கு மேலோ அடைப்பு உண்டு எனக் கருதப்படும்.

கூடவே கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். விடை 0.90 அல்லது அதற்குக் கீழிருந்தால் தமனி நோய் எனக் கொள்வர். 1.40க்கு மேலிருந்தால் நல்லது என்று மகிழ வேண்டா. நீரிழிவாளரிடம் தமனிச்சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதால் கணக்கு பொய்த்திருக்கலாம். அப்போது கால் பெருவிரலின் அழுத்தத்தை அளப்பார்கள். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய காலில் வலியே தோன்றாமல், ஆறாத புண்ணே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு.

இப்பரிசோதனைக்கு ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தோலில் பசை தடவிக் கருவிமுனையை நகர்த்துவார்கள், அவ்வளவே. தளர்வான உடையில் வாருங்கள். வருமுன் பீடி, சிகரெட் தொடாதீர்கள். புகையிலை தமனியைச் சுருங்கச் செய்யும்.

கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் ஸ்கேனுக்கு நாள் குறித்துக் காத்திராமல், அக்கணமே 108ஐ அழையுங்கள். சில மணி நேரத் தாமதமும் காலை இழக்கச் செய்யும்.