பத்திரம், பட்டா, அப்ரூவல்: மூன்றும் ஒன்றல்ல

போன மாதம் ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். எங்கள் எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் 5 சென்ட் மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். "பட்டா இருக்கு, பத்திரம் பதிஞ்சு தர்றேங்கிறாங்க, பஞ்சாயத்து அப்ரூவலும் இருக்கு. வேற என்னப்பா பாக்கணும்?" என்றார். அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காகிதங்கள். பத்திரம் பதிவுத்துறை சமாச்சாரம். இன்னார் இன்னாருக்கு விற்றார் என்பதற்குச் சாட்சி. பட்டா வருவாய்த்துறை தருவது. நிலம் யார் பெயரில், நஞ்சையா புஞ்சையா, எவ்வளவு பரப்பு என்று சொல்லும். அந்த நிலத்தை மனைகளாகப் பிரிக்கலாமா என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதி வேண்டும். என் தொழில் பாஷையில் சொன்னால் இவை மூன்று தனித்தனி டேட்டாபேஸ். ஒன்றில் என்ட்ரி இருப்பதை வைத்து மற்றதிலும் இருக்கும் என்று நம்ப முடியாது.

சரி, பஞ்சாயத்து அப்ரூவல்? தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. முழுமைத் திட்டம் போட்ட நகரங்களில் எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று வரைபடத்திலேயே பிரித்திருப்பார்கள். திட்டப் பகுதிக்குள் வராத கிராமங்களுக்கு அப்படி ஒரு வரைபடம் கிடையாது. அங்கே 47-ஏ பிரிவுதான். விண்ணப்பம் ஊராட்சி வழியாகப் போகும், டி.டி.சி.பி. இசைவு தர வேண்டும். விவசாய நிலம் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். இதெல்லாம் வந்த பிறகு போடும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. ஊராட்சித் தலைவர் தன் கையெழுத்தை மட்டும் வைத்து மனைப்பிரிவை அங்கீகரிக்க முடியாது.

ஆனால் பல ஆண்டுகள் அப்படித்தான் விற்றார்கள். யானை ராஜேந்திரன் என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 20.10.2016-க்கு முன்னால் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றன அந்த விதிகள். நீர்நிலை, வாய்க்கால் மேல் போட்ட மனைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்புறம் எப்படிப் "பதிஞ்சு தர்றோம்" என்கிறார்கள்? மனை என்று எழுதாமல், சென்ட் கணக்கில் விவசாய நிலமாகவே எழுதிக் கொடுப்பதுண்டு. பத்திரம் கையில் இருக்கும். வீடு கட்ட பிளான் போடும்போதோ பேங்க் லோனுக்குப் போகும்போதோதான் சிக்கல் தெரியும்.

இதுவரை வாங்குபவரின் கஷ்டம். எங்கள் பக்கத்தில் ஊருக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. பொதுவாக நஞ்சையை மனையாக்க எல்லோரும் யோசிப்பார்கள். புஞ்சை என்றால் "மானாவாரி தரிசுதானே" என்று விட்டுவிடுவார்கள். திருச்சுழி பக்கம் எந்தக் கண்மாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தண்ணீர் வருவது அந்தப் புஞ்சைகள் வழியாகத்தான். ஓடைப் புறம்போக்கு என்று ரெக்கார்டில் இருக்கும் வரத்துக்காலைச் சட்டம் காப்பாற்றலாம். ஐப்பசி மழையில் பட்டா நிலத்தின் பள்ளத்தில் வழிந்து ஓடி ஓடைக்குச் சேரும் தண்ணீருக்கு எந்த ரெக்கார்டிலும் பெயர் இல்லை. அங்கே மண் அடித்து மேடாக்கி ரோடு போட்டால் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் அதன் ஆயக்கட்டில் இருக்கும் நஞ்சை பெயருக்குத்தான் நஞ்சை. நஞ்சையைக் காக்கிறோம் என்று புஞ்சையைக் கணக்கில் விட்டால் இரண்டும் போகும்.

சித்தப்பாவுக்குச் சொன்னது இவ்வளவுதான். டி.டி.சி.பி. அனுமதி எண்ணைக் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா பாருங்கள். ரோடும், பூங்காவுக்கு விட்ட இடமும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் அரசின் இணைய சேவைத் தளத்திலேயே பார்க்கலாம்.

விற்பவர் கொடுத்திருந்தது ஊராட்சித் தீர்மானத்தின் ஜெராக்ஸ் மட்டும். அனுமதி எண் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை, முன்பணமும் திரும்பவில்லை.

பேச்சுவாக்கில், "மழை பெஞ்சா அந்த இடத்துல தண்ணி எங்கிட்டுப் போகும் சித்தப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த வெள்ளைக் கல்லு ஊணிருக்கிற பள்ளத்து வழியாத்தான் கண்மாய்க்குப் போகும்" என்றார். அந்தப் பள்ளம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அடுத்த கிராம சபையில் இதைச் சொல்லித் தீர்மானத்தில் எழுத வைக்கும்படி கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.