நீளமான வீட்டுக்கு எந்தக் குழாய்?

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான் இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் கீழடியும் இருக்கிறது. அங்கே 2019-இல் நடந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில், ஒன்றோடொன்று பொருந்திய சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. உருளையாக மண்ணை வனைவது குயவருக்குப் பெரிய காரியமில்லை. ஒரு குழாயின் வாய் அடுத்த குழாயில் இசைந்து உட்காரும்படி செய்வதில்தான் அவர் கைத்திறன் இருக்கிறது. இன்று குழாய் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது எந்தக் கம்பெனி, எத்தனை கிலோ, அடி என்ன விலை என்ற மூன்றைத்தான். எத்தனை மூட்டு வரும் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் தண்ணீர்க் குழாயின் ஆயுளை, அது எதனால் ஆனது என்பதைவிட, அதன் மூட்டுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன.

செட்டிநாட்டு வீடு இந்தக் கேள்விக்கு நல்ல பரீட்சை. முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. இந்த வீடுகள் குழாயை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல, மழையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. ஓட்டுச் சரிவில் இறங்கும் நீர் முற்றத்தில் விழுந்து அண்டாக்களில் நிறையும். மிஞ்சியது கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகும். குழாய் பின்னால் வந்த விருந்தாளி. அதனால் தெருவில் இருக்கும் இணைப்பிலிருந்து கொல்லைப்புறத் தொட்டிவரை நெடுந்தூரம் போகவேண்டியிருக்கிறது. 200 அடி, அதாவது ஏறத்தாழ 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் நீளமாக வரும் குழாய்களில் பத்து வேண்டும். நேர்கோட்டில் மட்டுமே ஒன்பது மூட்டு. எல்போ, டீ, வால்வு எல்லாம் சேர்ந்தால் இருபதைத் தாண்டலாம்.

மூட்டு கசிந்தால் தண்ணீர் வீணாகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். நாள் முழுக்கக் குழாயில் நீர் நிற்கும் ஊராக இருந்தால் அந்த அலட்சியம் ஓரளவு செல்லும். நம் ஊர்களில் பெரும்பாலும் விடும் நேரத்துக்கு மட்டும்தான் தண்ணீர். விடும்போது வெளியே கசிகிற அதே ஓட்டை, நிறுத்தியபின் குழாய் வெறுமையாகும்போது சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கிறது. குழாயோடு நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வழக்கம் இருந்தால் இழுப்பு இன்னும் பலமாகும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. ஆக, மூட்டைக் குறைப்பது சிக்கனத்துக்காக மட்டுமல்ல, வயிற்றுக்காகவும்தான்.

ஜி.ஐ. குழாயை இந்த அளவுகோலால் பார்ப்போம். பழைய ஆட்கள் இன்னும் அதைத்தான் நம்புகிறார்கள். ‘இரும்பு இரும்புதான்’ என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரான்சின் வெர்சாய் அரண்மனைக்காக 1664-இல் பதித்த வார்ப்பிரும்புக் குழாய்கள் முந்நூறு ஆண்டுக்கு மேல் உழைத்தன. ஆனால் அவை தடித்த சுவர் கொண்ட வார்ப்பிரும்பு. நம் ஜி.ஐ. என்பது மெல்லிய எஃகுக் குழாய்மேல் துத்தநாகப் பூச்சு. துரு பிடிக்காமல் காப்பது அந்தப் பூச்சுதான். பிளம்பர் டையை வைத்து மரை வெட்டும்போது முதலில் உதிர்வதும் அதே பூச்சுதான். மரையின் பள்ளத்தில் சுவரின் கனமும் ஏறக்குறைய பாதியாகிறது. சணலும் பெயின்டும் சுற்றிக் கப்ளிங்கை முறுக்கியபின் வெளியே இரண்டு மூன்று மரை தெரியுமே, துரு அங்கேதான் ஆரம்பிக்கும். மிச்சக் குழாய் பளபளவென்று இருக்க, மரையில் மட்டும் பொத்துக்கொள்ளும். ஒரு கப்ளிங்குக்கு இரண்டு மரை முனை என்றால் ஒன்பது கப்ளிங்குக்குப் பதினெட்டு. போதாக்குறைக்கு, உப்புப் படியும் போர் தண்ணீரானால் உள்ளே சுண்ணாம்பு ஏறி வழி குறுகிக்கொண்டே வரும்.

பி.வி.சி. துருப் பிடிக்காது, விலை குறைவு, எந்தச் சிற்றூர்க் கடையிலும் பிட்டிங்ஸ் கிடைக்கும், உடைந்தால் அரை மணியில் ஒட்டிவிடலாம். இத்தனையும் உண்மை. நல்ல பி.வி.சி.யை நல்ல கை ஒட்டினால் அந்த மூட்டு குழாயைப் போலவே நிற்கும். சிக்கல் ‘நல்ல கை’ என்பதில்தான் இருக்கிறது. முனையைத் துடைத்து, இரு பக்கமும் மெல்லியதாகச் சொலூஷன் தடவி, செருகிக் கால் சுற்று திருப்பி, அரை நிமிடமாவது அழுத்திப் பிடிக்கவேண்டும். சித்திரை வெயிலில் தடவியது செருகுவதற்குள் உலர்ந்துவிடுகிறது. உலர்ந்துவிடுமே என்று அள்ளிப் பூசினால், உள்ளே வழிந்து தேங்கிக் குழாயையே இளக்குகிறது. வெயிலுக்கும் பி.வி.சி.க்கும் ஆகாது. மொட்டைமாடியில் கிடக்கும் குழாய் வெளுத்து, மொரமொரப்பாகி, ஒரு தட்டுக்கு உடையும். ஈயம் இன்னொரு கவலை. பி.வி.சி.யை நிலைப்படுத்த ஈயச் சேர்மங்கள் நெடுநாள் பயன்பட்டன. அவற்றை விலக்கத்தான் நடுவண் அரசு 2021-இல் தனி விதிகளை வெளியிட்டது. குடிநீருக்கு வாங்குகிறவர் ஐ.எஸ். 4985 முத்திரையோடு ‘ஈயம் இல்லாதது’ என்ற அச்சும் உண்டா என்று பார்க்கலாம்.

மண்ணுக்குள் போகிற நெடுங்குழாய்க்கு என் தேர்வு எச்.டி.பி.இ., கடைக்காரர் மொழியில் ‘கறுப்பு பைப்’. அது சுருளாக வருகிறது. 32 மில்லிமீட்டர் குழாயைச் சுருளிலிருந்து பிரித்து விட்டால் முகப்பிலிருந்து கொல்லைவரை இடையில் ஒரு மூட்டும் இல்லாமல் போகும். மூலை வந்தால் எல்போ வேண்டாம், பெரிதாக வளைத்து விடலாம். துருவும் இல்லை. அந்தக் கறுப்பு அழகுக்காக அல்ல. நூற்றுக்குச் சுமார் இரண்டரைப் பங்கு கலந்த கரித்தூள், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குகிறது. பி.இ.100 என்று அச்சிட்டிருப்பதற்கும் பொருள் உண்டு. 20 டிகிரி வெப்பத்தில் 50 ஆண்டு இடைவிடாத அழுத்தத்தில் இருந்தாலும் 10 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கும் பொருள் என்று நெடுநாள் சோதனைகளிலிருந்து கணித்த வலிமை அது. 50 ஆண்டில் உடைந்துவிடும் என்று பொருளல்ல, 50 ஆண்டுக்கு உத்தரவாதம் என்றும் பொருளல்ல. நம் மண் 20 டிகிரியைவிடச் சூடானது. ஆகவே 6 கிலோ அழுத்தம் தாங்கும் குழாய் போதும் என்று கணக்கு வந்தாலும் 10 கிலோ குழாயாக வாங்குவது நல்லது. 15 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தம் வெறும் ஒன்றரை கிலோதான். கனமான சுவர் உதவுவது கல்லுக்கும் மண்வெட்டிக்கும் எதிராக.

இதற்கு மறுப்புகள் உண்டு. உள்ளூர் பிளம்பருக்கு இது பழக்கமில்லை, இணைக்க மிஷின் வேண்டும் என்பார்கள். பெரிய குழாய்க்கு மிஷின் வேண்டும்தான். வீட்டு அளவுக்குக் கையால் முறுக்கும் கம்ப்ரஷன் பிட்டிங்ஸ் போதும், இரண்டு முனைக்கு இரண்டுதான் தேவை. அதிலும் ஒரு நுணுக்கம்: முனையை நேராக வெட்டி, விளிம்பைச் சீவி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டிக் குழாய் முட்டும்வரை தள்ளவேண்டும். வளையத்தில் தடைபட்டதையே முட்டிவிட்டதாக எண்ணி நட்டை முறுக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. மண்வெட்டி பட்டால் வெட்டுப்படுமே என்றால், ஆம், படும். அதற்கு மருந்து ஆழம். டீசல், மண்ணெண்ணெய் சிந்தும் இடத்தருகே இதைக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த எண்ணெய்கள் குழாய்ச் சுவரையே ஊடுருவும்.

சுவரில் ஏறும் இடத்துக்கும் இது உதவாது. வெப்பத்தில் பி.வி.சி. நீள்வதைப்போல இது இரண்டு மடங்குக்கு மேல் நீளும். வெயில் படும் சுவரில் பாம்புபோல நெளிந்து தொங்கும். அங்கே சி.பி.வி.சி. போதும், வெந்நீரையும் தாங்கும். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்டிப் புதைக்காதீர்கள். பூச்சு போனால் அதேபோல் பூச இன்று ஆள் கிடைப்பது அரிது. கசிவும் சுவர் ஊறிய பிறகே தெரியும். கிளாம்ப் வைத்து வெளியே தெரியும்படி போவதில் அவமானம் ஒன்றுமில்லை.

விட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 60 மீட்டரில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடவேண்டுமானால், உள்விட்டம் 20 மில்லிமீட்டராக இருந்தால் இரண்டேகால் மீட்டர் உயர நீரழுத்தத்துக்கு மேல் உரசலிலேயே தொலையும். 25 ஆக இருந்தால் ஒரு மீட்டருக்கும் குறைவு. கறுப்பு பைப்பின் அளவு வெளிவிட்டத்தைச் சொல்கிறது என்பதால் 32 என்று கேட்டு வாங்கினால்தான் உள்ளே 26, 27 கிடைக்கும்.

பள்ளம் இரண்டரை அடியாவது ஆழம் இருக்கட்டும். கானாடுகாத்தான் பக்கத்து நிலம் சரளையும் செம்புராங்கல்லும் கலந்தது. கூரான ஒரு கல் குழாயை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் அழுத்தினால் விரிசல் அங்கேதான் விடும். கீழே நாலு விரல் மணல், மேலே அதே அளவு மணல், பிறகு தோண்டிய மண். பள்ளத்தை மூடுமுன் தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் கையால் தடவிப் பாருங்கள். குழாய் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடியில் போகிறது என்று அளந்து ஒரு தாளில் வரைந்து, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.