துண்டு மாறியது, தோள் மாறவில்லை!

ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடையிலே ஓர் இளைஞனைச் சந்தித்தோம். வயது இருபத்து நான்கு இருக்கும். இயந்திரவியலிலே டிப்ளமா பெற்றவன். கையிலே ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே சான்றிதழ்கள், பாஸ்போர்ட், ஒரு தாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று தாளை நீட்டினான். படித்தோம். சவூதி நாட்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலே டெக்னீசியன் வேலையாம், சாப்பாடு இலவசமாம், தங்க இடமும் இலவசமாம். எழுதிக் கொடுத்தவர் யார்? பெயர் இல்லை. பதிவு எண் உண்டா? அதுவும் இல்லை. முத்திரை மட்டும் இருந்தது. வட்டமாக, நீலமாக, வடிவாக!

"எவ்வளவு கொடுத்தாய் தம்பி?"

"ஒன்றரை லட்சம்ணே. அம்மா நகை போக, அரைக் காணி நிலத்தையும்..." முடிக்கவில்லை அவன். ரசீது கேட்டோம், தரவில்லை என்றான். விசாவைக் கேட்டோம், காட்டினான். மூன்று மாதம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கான விசா! பாலைவனத்திலே எதைச் சுற்றிப் பார்ப்பானாம்?

தோழர்களே! இந்த மண் வறண்ட மண்ணா? இல்லை. அரியலூரைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அதை அரைத்துச் சிமெண்டாக்க அரசு ஆலையும் உண்டு, தனியார் ஆலைகளும் வரிசையாய் உண்டு. ஜெயங்கொண்டத்தைத் தோண்டினால் பழுப்பு நிலக்கரி. அனல் மின் நிலையம் வருகிறது, வீட்டுக்கொரு வேலை வருகிறது என்ற பேச்சோடு 1990களிலே ஊர் ஊராக நிலம் எடுத்தார்கள். அந்த இளைஞனின் ஊரும் அவற்றிலே ஒன்று. புகைபோக்கி எழவில்லை, வழக்குகள்தாம் எழுந்தன! இழப்பீடு போதாது என்று படியேறியவர்களிலே பலர் மூப்படைந்தும் விட்டனர். கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, நிலத்தை உரியவர்க்கே திருப்பித் தருவதென அரசு முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த மின் நிலையத்தை நம்பி இயந்திரவியல் படித்த பிள்ளை எங்கே போவான்?

பெரம்பலூர்ப் பக்கம் திரும்பினால், நாரணமங்கலத்திலே டயர் ஆலை, எறையூரிலே காலணி ஆலை. வரவேற்கிறோம். ஆனால் நெடுஞ்சாலை நெடுக நிற்கும் பொறியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் அனுப்பி வைக்கும் பட்டாளத்துக்கு அந்த வாசல்கள் போதுமா? லப்பைக்குடிக்காட்டிலே கேட்டால் வளைகுடா நாடுகளின் பெயரை அடுத்த ஊரின் பெயரைப்போலச் சொல்வார்கள். அங்கே போய் உழைத்து, வீடு கட்டி, தங்கையைக் கரை சேர்த்தவர் ஆயிரவர். ஆகவே, போகாதே என்று சொல்ல வரவில்லை நாம். போகும் பாதையிலே கை நீட்டி நிற்பவன் யார் என்று கேட்கத்தான் வந்தோம்.

எண்ணெய், எரிவாயு, மின்சாரம் ஆகிய துறைகளுக்கென்றே ஆள் தேடித் தரும் நிறுவனங்கள் உலகிலே உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்தீனிலே உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனிலே உண்டு. பொறியாளன் தன் விவரத்தை அனுப்புகிறான். நிறுவனம் அவனைத் தேர்வு செய்து எண்ணெய்க் கம்பெனியிடம் சேர்க்கிறது. கூலி யார் தருவது? ஆள் தேவைப்பட்ட கம்பெனி! பிரிட்டனிலே 1973ஆம் ஆண்டுச் சட்டம், வேலை தேடுகிறவனிடம் அதற்காகக் கட்டணம் வாங்குவதையே தடுக்கிறது. கலைத்துறை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையும், தொழிலாளியிடம் நேராகவோ மறைவாகவோ கட்டணம் வாங்காதே என்கிறது. இந்திய அரசு அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. அபர்தீன் பொறியாளன் ஒரு காசு கொடாமல் கப்பலேறுகிறான். நம் டிப்ளமாக்காரன் தாயின் கழுத்தை வெறுமையாக்கி விமானமேறுகிறான். எண்ணெய் ஒன்றுதான், குழாயும் ஒன்றுதான்!

இந்தக் கொடுமை நமக்குப் புதிதன்று. கூப்பிடு தூரத்திலே நிற்கிறது கங்கைகொண்ட சோழபுரம். கடாரம் நோக்கிக் கலம் செலுத்திய இராசேந்திரனின் தலைநகர். அதே கடாரத்து ரப்பர்க் காட்டுக்குப் பின்னொரு நாள் தமிழனைக் கூட்டிச் சென்றவன் யார்? கங்காணி! முன்பணம் கொடுத்தான், கடனாளியாக்கினான், கப்பலேற்றினான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தோளிலே போடும் துண்டன்று தோழர்களே, கழுத்தை இறுக்கிய துண்டு! இவன் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதித் தரும் சீட்டு. அடுத்த தோட்டக்காரன் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். கடன் ஆளோடு நடந்துபோகும். 1921இலே அந்தத் துண்டு ஒழிக்கப்பட்டது. கங்காணியாவது முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கினான். இன்றைய ஏஜெண்டோ, நம்மையே கடன் வாங்கி வந்து தன்னிடம் கட்டச் சொல்கிறான்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். பதிவு பெறாத எவனும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. பதிவு பெற்றவனும் தொழிலாளியிடம் 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. வரியைச் சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும். ஊர் ஊராக 'சப் ஏஜெண்ட்' வைப்பதும் குற்றம். மீறினால்? இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஒன்றரை லட்சம் வாங்கியவனுக்கு அபராதம் 2,000! கோழித் திருடன் இதைக் கேட்டால் தொழிலை மாற்றிக்கொள்வான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர், பத்தாம் வகுப்புத் தேறாதவரானால், குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும்; ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், காப்பீடு கேட்பார்கள். பத்தாவது தேறியவருக்கோ அந்த அனுமதி தேவையில்லை. படித்தவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்று டில்லி நினைத்தது. விளைவு? கல்லாதவன் வலைக்குள்ளே காக்கப்படுகிறான். டிப்ளமாக்காரன் வலைக்கு வெளியே விழுகிறான். நம் தேநீர்க் கடை இளைஞனை ஒரு அதிகாரியும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்.

உண்மையான ஏஜென்சியை அறிவது எப்படி? அது கையைச் சோதிக்கும், பையைச் சோதிக்காது. சுத்திகரிப்பு ஆலையை ஆண்டுக் கணக்கில் ஓட்டிவிட்டுச் சில வாரம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள்; 'ஷட்டவுன்' என்பார்கள். அப்போது வெல்டர், பிட்டர், ரிக்கர் என்று பெருங்கூட்டமாக ஆள் தேவை. அதற்கு நேர்மையாக ஆள் எடுக்கிறவன், சாய்த்துப் பொருத்திய குழாயைக் கொடுத்து, குழாயைத் திருப்பாமல் சுற்றிலும் பற்றவைக்கச் சொல்வான். '6ஜி' சோதனை என்பது அதுதான். பிறகு அந்தப் பற்றைப் படம் பிடித்துப் பார்ப்பான். நமக்கு அருகிலேயே, திருவெறும்பூர் பெல் ஆலையிலே, வெல்டிங்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. அந்தக் கலை நமக்கு எட்டாக் கனியன்று. உன் வேலையைப் பாராமலே உனக்கு வேலை தருகிறேன் என்பவனுக்கு உன் பணம்தான் வேலை!

தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் உண்டு என்பதை எத்தனை கிளைச் செயலாளர்கள் தம் ஊரிலே சொல்லியிருக்கிறோம்? நம்மையும் சேர்த்தே கேட்கிறோம். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்திலே பார்க்கலாம். திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பெயர்களை அச்செடுத்து, நம் படிப்பகச் சுவரிலே, நாளேட்டுக்குப் பக்கத்திலே ஒட்டி வைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு தேநீர்க் காசு.

அன்று அந்தக் கடையிலேயே உட்கார்ந்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு, குடிபெயர்வோர் பாதுகாவலருக்கு ஒரு மனு என்று இரண்டு எழுதிக் கொடுத்தோம். பணம் கைமாறிய நாளும், வாங்கியவனின் கைப்பேசி எண்ணும், பக்கத்திலே நின்ற சாட்சிகளின் பெயரும் அவனுக்கு நினைவிருந்தன. வட்ட நீல முத்திரையையும் நகலெடுத்து இணைத்தோம். "அப்போ வர்ற வெள்ளிக்கிழமை பிளைட்டு?" என்று கேட்டான்.

"போகாதே தம்பி" என்றோம். நெடுநேரம் பேசாமலிருந்தான். பிறகு அரியலூர்ப் பேருந்தில் ஏறினான், மனுக்களோடு.