சப்பாத்திக்கள்ளிப் பழப்பாகு

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுகூடும் இடத்தில் ஒரு தீவாக அமைந்துள்ளது ஸ்ரீரங்கப்பட்டணம். அதற்கு மேற்புறத்தில், 1911ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பெற்ற கிருஷ்ணராஜசாகர அணையின் நீரால் மண்டியா மாவட்டத்து வயல்களில் நெல்லும் கரும்பும் செழிக்கின்றன. ஆனால் வாய்க்கால் நீர் ஏறாத மேடுகள் இன்றும் கல்லும் முள்ளுமாகவே உள்ளன. அத்தகைய நிலத்திற்கு உரிய செடிகளுள் ஒன்று சப்பாத்திக்கள்ளி. கன்னடத்தில் இதனைப் பாப்பாசுக்கள்ளி என்பர். தமிழில் சப்பாத்து என்பதும் கன்னடத்தில் பாப்பாசு என்பதும் காலணியையே குறிப்பன. தண்டின் தட்டையான வடிவம் இரு மொழியினர்க்கும் ஒரே பொருளை நினைவூட்டியது போலும்!

இச்செடியின் கருஞ்சிவப்புப் பழத்தினின்று இனிப்புப் பண்டங்களின்மீது ஊற்றிக்கொள்ளும் நறும்பாகு ஒன்றை எளிதிற் செய்யலாம். மெக்ஸிக்கோ நாட்டில் இப்பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சித் தேன் போன்ற பாகாக்கி உண்பது பழைய வழக்கம். மேட்டுநிலத்தின் பழமும் வயல்நிலத்தின் சர்க்கரையும் அருகருகே கிடைக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் போன்ற வட்டாரங்களில் இதனைச் செய்துபார்ப்பது பொருத்தமே. ஆயினும் பழத்தைக் கையாளுவதிலும் பாகைச் சேமித்து வைப்பதிலும் அறியாமையால் விளையக்கூடிய தீங்குகள் உள. கிராமப் பணியாளரும் ஆசிரியரும் அவற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சப்பாத்திக்கள்ளி நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவப்புச் சாயத்திற்காகக் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெரிதும் விரும்பினர். அப்பூச்சிக்கு உணவு கள்ளி. சென்னைச் சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கெனவே ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். மூங்கிலும் முட்செடிகளும் அடர்ந்த அகன்ற வேலியைக் கடந்து காரன்வாலிஸின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கியது 1792ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1795இல், காப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குச் சில பூச்சிகளைக் கொணர்ந்தார். அவை உயர்ந்த சாயம் தரும் இனமல்ல என்பது பின்னரே தெரிந்தது. சாயம் கிடைக்கவில்லை, ஆனால் அப்பூச்சிகள் கள்ளியின் ஓர் இனத்தைத் தின்று அழித்தன. இதனைக் கண்டு, 1836ஆம் ஆண்டை ஒட்டித் தென்னாட்டிற்கு அவற்றை வேண்டுமென்றே கொண்டுவந்து பரப்பினர். களையை அழிக்கப் பூச்சியை ஏவிய முயற்சிகளுள் இது உலகிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்றாகும். எஞ்சி நின்ற மற்றோர் இனம் பெருகித் தொல்லை தரவே, 1926இல் இலங்கை வழியாக வேறொரு கொச்சினீல் பூச்சி வரவழைக்கப்பட்டது; சில ஆண்டுகளில் பெரும் பரப்பிலிருந்த புதர்கள் மடிந்தன. இன்று ஆங்காங்கே காண்பவை அவ்வழிவிற்குத் தப்பியவையும் மீண்டும் தழைத்தவையுமே. தண்டின்மேல் வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பதை நசுக்கினால் விரல் சிவக்குமாயின், அது அப்பூச்சியே. அத்தகைய செடியின் பழத்தை விட்டுவிடுவது நன்று.

பழம் பறிக்கச் செல்வோர் செடியைத் திட்டமாக அறிந்திருத்தல் வேண்டும். கள்ளி என்னும் பெயரைப் பல செடிகள் தாங்குகின்றன. சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பால் கண்ணையும் தோலையும் புண்படுத்தும். உள்ளே செல்லின் நஞ்சாம். சப்பாத்திக்கள்ளியில் பால் வடிவதில்லை. கீறிய இடத்தில் வெண்பால் கசிந்தால், அச்செடியை விட்டு விலகுதல் வேண்டும்.

அடுத்தது முள். நீண்ட முட்கள் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றால் அச்சமில்லை. பழத்தின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகக் கொத்துக்கொத்தாய் நிற்கும் மயிர்போன்ற நுண்முட்களே கொடியவை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின், ஒவ்வொரு நுண்முள்ளிலும் பின்னோக்கி வளைந்த கொக்கிகள் தெரியும்; ஆகவேதான் குத்தியபின் அவை எளிதில் வெளிவருவதில்லை. நாவிலும் தொண்டையிலும் தைத்தால் பெருந்துன்பம். கண்ணிற் பட்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். பழத்திற்குள் நட்சத்திர முள் ஒன்று இருப்பதாகவும் அதனை எடுத்த பின்னரே உண்ண வேண்டும் என்றும் கிராமச் சிறுவர் கூறுவதுண்டு. பூ உதிர்ந்த உச்சிக் குழியைச் சுற்றி நுண்முட்கள் நெருங்கியிருப்பதால், அப்பகுதியை வெட்டி நீக்கும் இவ்வழக்கம் அறிவுக்குப் பொருந்தியதே.

பழத்தை வெறுங்கையால் தொடலாகாது. நன்கு கறுத்துச் சிவந்தவற்றை இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்து, தணலின்மேல் சுற்றிலும் வாட்டினால் நுண்முட்கள் பொசுங்கிவிடும். பின்னர் ஓடும் நீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இரு முனைகளையும் நறுக்கி எறிந்து, நீளவாட்டில் கீறித் தோலை உரிக்க வேண்டும். உள்ளிருக்கும் சதையைச் சிறிதளவு நீருடன் சில நிமிடங்கள் மட்டும் காய்ச்சி, மரக்கரண்டியால் மசித்து, நான்காய் மடித்த கெட்டித் துணியில் வடிகட்டுக. மின் அரைப்பானில் இட்டு அரைத்தால் கடினமான விதைகள் உடைந்து பாகில் நறநறப்பு உண்டாகும். சாற்றை ஒருமணி நேரம் அசைக்காமல் வைத்துத் தெளிவை மட்டும் இறுத்து, மறுபடியும் வடிகட்டுதல் நலம். தப்பிய நுண்முள் ஏதேனும் இருப்பின் அடியில் தங்கிவிடும்.

சாற்றின் அழகிய செந்நிறம் பீட்ரூட் கிழங்கில் உள்ள நிறமியின் இனத்தைச் சேர்ந்தது. இந்நிறமி நெடுநேரக் கொதிப்பைத் தாங்காது, பழுப்பு நிறமாகிவிடும். ஆகவே சாற்றைச் சுண்டக் காய்ச்சுவதைவிடச் சர்க்கரையை மிகுதியாய்ச் சேர்த்துக் குறைவாகக் காய்ச்சுவதே சிறந்த முறை. ஒரு லிட்டர் சாற்றிற்கு 1.6 கிலோ சர்க்கரையும் ஐந்தாறு எலுமிச்சம்பழங்களின் சாறும் சேர்த்துக் கிளறிக் கரைத்து, கொதி வந்தபின் சில நிமிடங்கள் மட்டும் காய்ச்சி இறக்கலாம். மண்டியா வெல்லத்தை இட்டால் சுவை மிகும்; நிறம் மறையும்.

வெப்பமானி உள்ள பள்ளிகளில் பாகின் பதத்தை அளந்தே அறியலாம். ஸ்ரீரங்கப்பட்டணம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 98 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். பாகின் வெப்பநிலை அதற்கு மேல் சுமார் 4 பாகை ஏறி 102ஐ அடையும்போது, அதில் கரைந்த திடப்பொருள் 65 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். பழப்பாகுகளுக்கு 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை விதித்த அளவும் இதுவே. கடற்கரை ஊர்களில் அதே பதம் 104 பாகையில்தான் கிட்டும். நூலிற் கண்ட எண்ணை அப்படியே எல்லா ஊர்களிலும் கையாளலாகாது என்பதை மாணவர்க்கு விளக்க இஃதொரு நல்ல வாய்ப்பு.

எலுமிச்சஞ்சாறு சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. நம் காட்டுப் பழம் இயல்பாகவே சற்றுப் புளிப்புடையது. ஆனால் தோட்டங்களில் வளர்க்கப்பெறும் பெரிய இனத்தின் பழம் பெரும்பாலும் புளிப்பற்றது. அதன் சாற்றில் ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் காட்டும் பி.எச். எண் 5க்கும் மேல் இருப்பதுண்டு. அந்த எண் 4.6க்கு மேற்பட்ட உணவைக் காற்றுப்புகாதபடி அடைத்து வைத்தால், கொதியிலும் சாகாத சில நுண்ணுயிர் வித்துக்கள் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். அந்நஞ்சு கண்ணுக்கோ மூக்கிற்கோ புலப்படாமலும் இருக்கலாம். எனவே எப்பழமாயினும், பள்ளி ஆய்வகத்துப் பி.எச். தாளில் தொட்டுப் பார்த்து, எண் 4 அல்லது அதற்குக் கீழ் இறங்கும்வரை புளிப்புச் சேர்ப்பது கட்டாயம். அமிலத்துடன் காய்ச்சும்போது சர்க்கரையின் ஒரு பகுதி சிதைந்து குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் மாறுவதால், பாகு கற்கண்டாக உறையாமலும் இருக்கும்.

கொதிநீரில் இட்டெடுத்த கண்ணாடிப் புட்டிகளில் சூட்டோடு நிரப்பி மூடுக. திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்த நீர்த்த பாகு நெடுநாள் நிற்காது. இரண்டு மூன்று நாட்களில் உண்டு தீர்க்க வேண்டும். தயிர், குளிர்ந்த ஜவ்வரிசிக் கூழ், ரவைக் கேசரி, ஐஸ்கிரீம் ஆகியவற்றின்மேல் இதனை ஊற்றலாம். சூடான பாற்பாயசத்தில் விட்டால் பால் திரிந்துவிடும். இப்பழம் நீரிழிவை நீக்கும், மலட்டுத்தன்மையைப் போக்கும் என்றெல்லாம் கூறி விற்போர் உளர். பாதிக்கு மேல் சர்க்கரையான பாகை நீரிழிவுக்கு மருந்தென்பது நகைப்பிற்கிடமானது. மிகுதியாய் உண்டவர்க்குச் சிறுநீர் சிவந்து தோன்றலாம், அது குருதியன்று. பழத்தையே உண்பவர்கள் விதைகளை ஏராளமாக விழுங்கினால் அவை குடலில் இறுகி அடைத்துக்கொள்வதுண்டு. பாகில் அவ்விடர் இல்லை.

பழம் வேண்டுமென்பதற்காகக் காட்டுக் கள்ளியைப் புதிதாக நட்டு வளர்க்க முற்படலாகாது. ஒரு தண்டுத் துண்டு மண்ணில் விழுந்தாலே வேரூன்றிவிடும். விதைகளைப் பறவைகள் பரப்பிவிடும். கால்நடைத் தீவனத்திற்கென இந்நாளில் பரிந்துரைக்கப்படும் முள்ளற்ற கள்ளி வேறு. 2022ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் நிலவளத் துறை அதற்கு ஊக்கமளித்து வருகிறது. பாகு செய்தபின் மிஞ்சும் தோலையும் விதைச் சக்கையையும் எருக்குழியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், வெயிலில் உலர்த்தி எரித்துவிட வேண்டும். இடுக்கியையும் துணியையும் தனியே கழுவிக் காயவைத்து, வேறு சமையலுக்கு எடுக்காமல் ஒதுக்கி வைப்பது நன்று. நுண்முட்கள் துணியின் இழைகளில் பல நாள் தங்கியிருக்கும்.