வெயிலுக்குள் வீடு – 7: கூரைக்கு இரண்டு வாய்

சென்ற வாரம் சுவரோடு நிறுத்தினோம். இனி கூரை. திருவண்ணாமலையின் பழைய தெருக்களில் நாட்டு ஓடு குறைந்து, மாடிக்கு மேல் தகரக் கொட்டகை பெருகிவிட்டது. நாட்டு ஓட்டுக்குத் தனியாகக் காற்றுப்போக்கி வேண்டியிருக்கவில்லை. ஓட்டுக்கு ஓடு இருக்கும் சந்து வழியே சூடு கசிந்து போய்விடும். குரங்கு கலைத்த ஓட்டைத் திருப்பி அடுக்க ஆள் கிடைக்காத ஊரில் தகரத்துக்கு மாறியவர்களைக் குறை சொல்ல முடியாது. நான்கு பக்கமும் திறந்திருக்கும்வரை அந்தக் கொட்டகை மாடித் தளத்துக்கு நல்ல நிழல்தான். சுற்றிச் சுவர் எழுப்பி, ஃபால்ஸ் சீலிங் அடித்து, பௌர்ணமிக்கு வருவோருக்கு வாடகை அறையாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே மூடிய பரண் ஒன்று உருவாகிவிடுகிறது. சித்திரை வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு முழுக்கப் பரணுக்குள் அடைபடுகிறது.

இதற்குத் தீர்வாகப் பலரும் முதலில் கேட்பது கூரை மேல் சுழலும் டர்போ வெண்டிலேட்டரைத்தான். அதை வாங்குவதற்கு முன் கீழே காற்று நுழைய வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். சூடான காற்று இலேசாகி மேலே போகும். போன இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று வந்தாக வேண்டும். 24 அங்குல டர்போவின் வாய் சுமார் 3 சதுர அடி. இறவாணத்தில் அரை சதுர அடிதான் திறப்பு என்றால், அந்த அரை அடி விடுகிற காற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் வெளியேறாது. மின்விசிறி வைத்து இழுத்தால் இன்னும் மோசம்: சீலிங்கில் விளக்குக்கு வெட்டிய ஓட்டைகள் வழியே அறையின் ஏசி குளிர்ச்சியைத்தான் அது உறிஞ்சும். மின்கட்டணம் ஏறும், அறை குளிராது.

அளவு எவ்வளவு? அமெரிக்க வீட்டுவசதி நிர்வாகம் 1942இல் பரண் பரப்பில் 300இல் ஒரு பங்கு திறப்பு என்று வகுத்தது. இன்று அங்கே பொது அளவு 150இல் ஒரு பங்கு. பழைய கணக்கு குளிர்நாட்டு வீட்டின் ஈரத்தை மனத்தில் வைத்துப் போட்டது. நம் வெயிலுக்கு அதைக் குறைந்தபட்ச எல்லையாகவே கொள்ள வேண்டும். 300 சதுர அடிக் கொட்டகைக்கு 150இல் ஒரு பங்கு என்றால் 2 சதுர அடி: பாதி கீழே, பாதி முகட்டில். வலை அடித்தால் கம்பி அடைக்கும் இடத்தையும் கணக்கில் சேர்த்து ஓட்டையைப் பெரிதாக வெட்ட வேண்டும்.

டர்போவா, முகடு நெடுக விடும் இடைவெளியா என்றால், இந்த ஊருக்கு முகடுதான் என்பேன். கோயிலும் பழைய ஊரும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்றை மலை மறிக்கிறது. அடிவாரத் தெருக்களில் காற்று நேராக வராமல் தடுமாறும். காற்றை நம்பிச் சுழலும் கருவிக்கு அது நல்ல இடமில்லை. முகட்டு இடைவெளிக்கு உயர வித்தியாசமும் வெப்ப வித்தியாசமும் போதும். நீண்ட திறப்பு என்பதால் கூரை முழுவதிலிருந்தும் சூடு வெளியேறும்.

வெளிக்காற்றே சுடும்போது அதை உள்ளே விட்டு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. வெளியே 40 டிகிரி என்றால் அடைபட்ட பரணில் அதைவிட மிக அதிகம். அந்த வித்தியாசம்தான் காற்றை ஓட்டும் எஞ்சின். மழை உள்ளே வரும் என்ற அச்சம் நியாயமானது. 2024 நவம்பர் கடைசியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் டிசம்பர் 1 அன்று இந்த மலையே சரிந்து உயிர்களைப் பறித்தது. அதனால் முகட்டு மூடி இருபுறமும் கூரையைத் தாண்டி நன்றாக இறங்கி நிற்க வேண்டும். கீழ்த் திறப்பு இறவாணத்தின் அடிப்பக்கம் இருக்க வேண்டும். குரங்குக்குக் கொசுவலை போதாது, கம்பி வலைதான் தாங்கும்.

ஆனாலும் காற்றுப்போக்கியால் எல்லாம் தீராது. தகரத்திலிருந்து நேராக இறங்கும் கதிர்வீச்சை எந்த ஓட்டையும் தடுக்காது. அதற்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு வேண்டும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. எந்தச் சுண்ணாம்பு, எந்தப் பெயிண்ட், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.